வாய்ப்பூட்டா, அமைதியா?

கோவளத்துக் கடற்கரையிலே நிற்கிறோம், தோழர்களே! தமீம் அன்சாரி தர்கா இங்குண்டு. வணிகர் ஜான் டிமான்டி 1808இல் எழுப்பிய கார்மேல் மாதா கோயில் உண்டு. 1752இல் கிளைவின் படை கைப்பற்றித் தகர்த்த கோட்டையின் கதையும் உண்டு. எதிரே, ஓயாது இரையும் கடல்.

இக்கடலைக் காணுந்தோறும் மாற்குவின் ஏடு கூறும் ஒரு காட்சி என் நினைவிலே எழும். புயலிலே தத்தளித்த படகில் எழுந்து நின்று, அலைகளை அடங்கச் சொன்னாராம் ஏசு. அங்கே கிரேக்க மூலத்தில் உள்ள வினை 'பிமோ'. மாட்டின் வாயைக் கட்டுவதற்குக் கிரேக்கர் வழங்கிய சொல் அது! கடல் கட்டுப்பட்டதா எனும் வழக்கை ஒதுக்கி வைப்போம். நமக்கு வேண்டியது சொல்.

வாயைக் கட்டுவது 'பிமோ'. பேச்சை நிறுத்துவது 'சிகாவோ'. பூசலின்றிப் பதற்றமின்றி அமைந்திருப்பது 'ஹெசூக்கியா'. தீமோத்தேயுவுக்கு வரைந்த முதல் மடல், இரண்டாம் அதிகாரத்தில், பெண் எவ்வாறு கற்றல் வேண்டும் என விதிக்கிறதே, அவ்விடத்தில் நிற்பது இந்த மூன்றாவது சொல்தான்.

1611இல் வெளிவந்த ஆங்கில மொழிபெயர்ப்பு அதைப் 'பேச்சற்ற மௌனம்' என்று ஆக்கிற்று. அதே அதிகாரத்தின் இரண்டாம் வசனத்தில் அதே வேரிலிருந்து பிறந்த சொல் வருகிறது. அங்கே 'சமாதானமான' வாழ்வு என்றனர். தெசலோனிக்கேயருக்கு எழுதிய இரண்டாம் மடலில், உழைக்காது திரிந்தோருக்கு அறிவுரை கூறுமிடத்தும் ஹெசூக்கியாவே வருகிறது. அங்கே 'அமைதி' என்றனர். ஊரார்க்கு அமைதி, பெண்ணுக்கு ஊமைத்தனம்! 1881இல் வந்த ஆங்கிலத் திருத்தம்தான் இப்பிழையை மாற்றியது. ஆனால் 1871இல் ஹென்றி பவர் குழுவினர் முடித்த தமிழ் விவிலியத்தைப் புரட்டுங்கள். இம்மூன்றிடத்தும் 'அமைதல்' என்ற சொல்லே ஆளப்பட்டிருக்கிறது. தமிழ் என்பதற்காகப் பாராட்டவில்லை. சரியாக இருப்பதனால் பாராட்டுகிறேன்.

ஹெசூக்கியா ஓசை அடங்குவதையும் குறிக்கும் என்பதை மறைப்பது நேர்மையாகாது. எருசலேமில் கொதித்தெழுந்த கூட்டம், பவுல் தம் மொழியிலே பேசக் கேட்டு அடங்கியபோது அப்போஸ்தலர் நடபடிகள் இச்சொல்லையே ஆள்கிறது. கேட்பதற்கான அடக்கம் அது. வகுப்பறையில் நாளும் நான் காண்பதும் அதுவே. அமைதியாயிருக்கும் மாணவி கேள்வி கேட்பாள். வாயடைக்கப்பட்ட மாணவி கேட்கமாட்டாள். இரண்டையும் ஒன்றென எண்ணும் ஆசிரியர் பிரம்பை நம்புகிறவர்.

பதினான்காம் நூற்றாண்டிலே இச்சொல்லுக்கு வாய்த்த பெருமையைப் பாருங்கள்! கிரேக்க நாட்டு ஆதோசு மலைத் துறவிகள் ஹெசூக்கியாவையே தவத்தின் உச்சி என்றனர். அச்சொல்லாலேயே பெயரும் பெற்றனர். ஆணுக்கு அது ஞானத்தின் முடி. பெண்ணுக்கோ அதுவே கடிவாளம். அந்த மலையிலே இன்றும் பெண்கள் காலடி வைக்க இயலாது.

சரி, சொல்லைத் திருத்திவிட்டால் தீர்ந்ததா? இல்லை! அடுத்த வரியே பெண் போதிக்கலாகாது என்கிறது. ஆதாம் முன்னே படைக்கப்பட்டான், ஏவாள் வஞ்சிக்கப்பட்டாள் என்று காரணமும் காட்டுகிறது. "மூலச்சொல் மென்மையானது" என்று வாதாடும் அன்பர்கள் இந்த வரிக்கு என்ன மருந்து வைத்திருக்கிறார்கள்? பவுல் பெயரால் பின்வந்தவர் எழுதிய மடல் அது என்பது ஆய்வாளர் பலரின் முடிவு. அதே மடலின் ஐந்தாம் அதிகாரம், போரடிக்கும் மாட்டின் வாயைக் கட்டாதே என்ற பழைய கட்டளையை எடுத்துக் காட்டுகிறது. மாட்டுக்கு அந்த இரக்கமேனும் கிடைத்தது!

கொரிந்தியருக்கு எழுதிய முதல் மடலில் பெண்ணுக்கு விதிக்கப்பட்டது 'சிகாவோ'. ஆனால் அதே பதினான்காம் அதிகாரத்தில் ஆடவரும் அடங்கும் பொது விதியாக, ஒருவர் பேசும்போது மற்றவர் நிறுத்துக என்பதற்கும் அதே வினைதான். பதினோராம் அதிகாரமோ பெண்கள் சபையில் வேண்டுதல் செய்வதையும் இறைவாக்கு உரைப்பதையும் வழக்கமென ஏற்றுப் பேசுகிறது. முரண் ஏன்? பெண்ணைப் பேசாதே எனும் வசனங்கள் சில பழஞ்சுவடிகளிலே அதிகாரத்தின் கடைசிக்கு இடம் பெயர்ந்து கிடக்கின்றன. இடைச்செருகலோ என அறிஞர் ஐயுறுவது இதனாலும்தான்.

ஏடு தடுத்தது; வாழ்க்கை தடுக்கவில்லை. 1778இல் சுவார்ட்சு பாதிரியாரிடம் திருமுழுக்குப் பெற்ற பார்ப்பனக் கைம்பெண் குளோரிந்தா, பாளையங்கோட்டைச் சபைக்கு முன்னோடியாக நின்று 1785இல் கோயிலையும் எழுப்பினார். 1929 பிப்ரவரியில், இக்கோவளத்துக்கு அருகிலுள்ள செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, பெண்ணுக்குச் சொத்துரிமை கேட்டதோடு தொடக்கப் பள்ளிகளில் பெண்களை ஆசிரியராக அமர்த்துக என்றும் தீர்மானித்தது. போதிக்கலாகாது என்ற பழைய வரிக்கு நேர் எதிரான தீர்மானம்! தென்னிந்தியத் திருச்சபை 1976இல் எலிசபெத் பாலை ஆயராக்கிற்று. 2013இல் புஷ்பலலிதாவைப் பேராயராக்கிற்று.

கோவளத்துக் கோயில் கத்தோலிக்கருடையது. பெண்ணுக்குக் குருத்துவம் அளிக்கத் திருச்சபைக்கு அதிகாரமே இல்லை என்று 1994இல் போப் இரண்டாம் ஜான் பால் அறிவித்தார். கோயிலுக்குப் பெயர் தந்தவள் ஒரு தாய். பூசையிலே மறையுரை ஆற்றும் உரிமையோ, அவள் இனத்தாருக்கு இன்னும் இல்லை.