டேஞ்சியர் நோய்

இரத்தத்தில் எச்.டி.எல். கொழுப்புப்புரதம் ஏறக்குறைய இல்லாமலே போய்விடும் அரிய பரம்பரை நோய் டேஞ்சியர் நோய். செல் சவ்வில் இருக்கும் ஒரே ஒரு புரதம் பழுதாவதே இதற்குக் காரணம்.

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில், செசபீக் விரிகுடாவில் உள்ள டேஞ்சியர் தீவிலிருந்து இப்பெயர் வந்தது. மொராக்கோவிலுள்ள அதே பெயர் கொண்ட நகரத்துக்கும் நோய்க்கும் தொடர்பில்லை. அத்தீவுச் சிறுவன் ஒருவனுக்கு டான்சில்கள் பெருத்து ஆரஞ்சு நிறமாக இருந்தன. உடன்பிறந்த சகோதரிக்கும் அதே கோளாறு இருந்தது. அமெரிக்காவின் பெதஸ்டா நகரில் மருத்துவ ஆய்வாளர் டொனால்ட் பிரெட்ரிக்சனும் அவர் குழுவினரும் இருவரையும் ஆராய்ந்து, 1961இல் இதைத் தனி நோயாக விவரித்தனர். பழுதான மரபணு தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்தால்தான் நோய் முழுமையாக வெளிப்படும். சில பழைய குடும்பங்களின் வழிவந்தோர் தமக்குள்ளேயே மணந்துகொண்டு வாழ்ந்த சிறிய தீவில் அதற்கு வாய்ப்பு அதிகம்.

அந்த மரபணு ஏபிசிஏ1 என்பதை 1999இல் மூன்று ஆய்வுக் குழுக்கள் தனித்தனியே கண்டறிந்தன. உடலின் பெரும்பாலான செல்களால் கொலஸ்ட்ராலைச் சிதைக்க முடியாது. மிகுந்ததை வெளியேற்றத்தான் முடியும். செல் சவ்வில் பதிந்திருக்கும் ஏபிசிஏ1 புரதம், ஏடிபி ஆற்றலைச் செலவிட்டு, சவ்வின் பாஸ்போலிப்பிடையும் கொலஸ்ட்ராலையும் வெளியே காத்திருக்கும் ஏப்போ ஏ-1 புரதத்திடம் சேர்க்கிறது. எச்.டி.எல். துகள் உருவாகத் தொடங்குவது இப்படித்தான். இந்த வழி அடைபட்டால், கொழுப்புக் கிடைக்காத ஏப்போ ஏ-1 இரத்தத்திலிருந்து விரைவில் அகற்றப்பட்டுவிடுகிறது. வெளியேற முடியாத கொலஸ்ட்ராலோ மேக்ரோபேஜ் எனும் விழுங்கு செல்களுக்குள் எஸ்டர் துளிகளாகத் தேங்குகிறது. அத்துளிகளில் உணவிலிருந்து வரும் கரோட்டினாய்டு நிறமிகள் கரைந்திருப்பதே டான்சிலின் ஆரஞ்சு நிறத்துக்குக் காரணம்.

கல்லீரலும் மண்ணீரலும் வீங்கலாம், கருவிழிப்படலம் மங்கலாம், இரத்தத் தட்டுகள் குறையலாம். நோயாளியை அதிகம் வருத்துவது நரம்புப் பாதிப்புதான். நரம்பிழைகளைச் சூழ்ந்த ஷ்வான் செல்களிலும் கொழுப்புத் தேங்குவதால், சிலருக்கு முகத்திலும் கைகளிலும் வலியும் சூடும் உறைப்பதில்லை. சூடு பட்டது தெரியாமலே கை வெந்துபோவதும் உண்டு.

இரத்தப் பரிசோதனையில் எச்.டி.எல். கொலஸ்ட்ரால் பெரும்பாலும் டெசிலிட்டருக்கு 5 மில்லிகிராமுக்கும் கீழே இருக்கும். ‘நல்ல கொலஸ்ட்ரால்’ எனப்படும் இது இவ்வளவு குறைந்தால் இளவயதிலேயே மாரடைப்பு உறுதி என்று தோன்றும். உண்மையில் ஆபத்து கூடுகிறதே தவிர, எதிர்பார்த்த அளவுக்கு இல்லை. ‘கெட்ட கொலஸ்ட்ரால்’ எனப்படும் எல்.டி.எல். அளவும் இவர்களுக்குக் குறைவாக இருப்பது ஒரு காரணமாகலாம். ஒரு பழுதான மரபணுவை மட்டும் கொண்டவர்களை டென்மார்க்கில் ஆராய்ந்து 2008இல் வெளியான ஆய்வில், எச்.டி.எல். குறைந்திருந்தும் இதயநோய் ஆபத்து கூடவில்லை. எச்.டி.எல். அளவை வெகுவாக உயர்த்திய டார்செட்ராபிப் மருந்தின் சோதனையோ, மருந்து எடுத்தவர்களிடையே இறப்பு கூடியதால் 2006இல் நிறுத்தப்பட்டது. எச்.டி.எல். எண்ணிக்கையை மட்டும் வைத்து இதயத்தின் கதியைக் கணிப்பது இன்று பொருந்தாது.

நோயை நீக்கும் மருந்து எதுவும் இல்லை. வீங்கிய டான்சில்கள் மூச்சையோ விழுங்குவதையோ தடுத்தால் அறுவை மூலம் அகற்றப்படுகின்றன. உணர்விழந்த கைகால்களைத் தீக்காயத்திலிருந்து காப்பதும், இரத்த அழுத்தம், புகைப்பழக்கம் போன்ற பிற இதயநோய்க் காரணிகளைக் கட்டுப்படுத்துவதுமே சிகிச்சை.