கண்டப் பெயர்ச்சிக் கோட்பாடு

உலகின் கண்டங்கள் ஒரு காலத்தில் ஒரே பெருநிலமாக இருந்து, பின்னர் பிரிந்து இன்றைய இடங்களுக்கு நகர்ந்தன என்னும் கொள்கை. இதை வகுத்தவர் ஜெர்மானிய வானிலை அறிஞர் ஆல்ஃபிரட் வெகனர் (1880–1930). இதற்கான சான்றுகளில் பல இந்தியப் பாறைகள் தந்தவை. நாமக்கல் மாவட்டக் கொல்லிமலையும் அவ்வரலாற்றில் இடம்பெறுகிறது.

முன்வரலாறு

1828-இல் பிரெஞ்சுத் தாவரவியலர் அடால்ஃப் பிரான்யார், இந்தியாவிலும் ஆஸ்திரேலியாவிலும் கிடைத்த இலைப் புதைபடிவங்களுக்குக் குளோசாப்டெரிஸ் எனப் பெயரிட்டார். 1856-இல் நிலவியலர்களான பிளான்ஃபோர்டு சகோதரர்களும் தியோபால்டும், ஒடிசாவின் தால்சேரில் உள்ள பாறைக்குண்டுகளைப் பனிக்கட்டி கொண்டுவந்தவை என்றனர். குளோசாப்டெரிஸ் போன்ற கடல் கடந்த ஒற்றுமைகளுக்கு, இடையிலிருந்த நிலம் மூழ்கிவிட்டது என்பதே அக்கால விளக்கம். லெமூர் இன விலங்குகளின் பரவலை விளக்க 1864-இல் விலங்கியலர் பிலிப் ஸ்கிளேட்டர் முன்வைத்த லெமூரியா அத்தகையது; பின்னாளில் தமிழகத்தில் அது குமரிக்கண்டக் கருத்தோடு இணைந்தது.

வெகனரின் வாதம்

1912-இல் உரையாகவும் 1915-இல் நூலாகவும் வெகனர் தம் கொள்கையை வெளியிட்டார். கடல்தரைப் பாறை அடர்த்தி மிக்கது. அதனினும் இலேசான கண்டம் அதற்குள் மூழ்க முடியாது. எனவே நிலம் மூழ்கவில்லை, விலகிச் சென்றது என்றார். கரையோரங்களின் பொருத்தம், ஒத்த பாறைகள், புதைபடிவங்கள், பண்டைய பனிக்காலத் தடயங்கள் ஆகியவற்றைச் சான்றாக வைத்தார். ஆனால் கண்டங்களை நகர்த்தும் விசையாக அவர் கூறியவை போதாதவை என்பதால் பெரும்பாலோர் ஏற்கவில்லை. இந்தியாவில் தொல்தாவரவியலர் பீர்பால் சாஹ்னி 1930களிலேயே இக்கொள்கையைத் தாவரப் புதைபடிவங்களைக் கொண்டு ஆராய்ந்தார்.

ஏற்பு

எரிமலைக் குழம்பு இறுகும்போது, அந்த இடத்தின் காந்தப்புலத் திசை பாறையில் பதிந்துவிடும். அத்திசையின் சாய்வு, நிலநடுக்கோட்டிலிருந்து அவ்விடம் உள்ள தொலைவைக் காட்டும். 1950களில் தக்காண எரிமலைப் பாறைகளை ஆராய்ந்தபோது, அவை உருவான காலத்தில் இந்தியா நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே இருந்தது தெரிந்தது. கடல்தரை விரிகிறது என்னும் கருத்தை 1962-இல் நிலவியலர் ஹாரி ஹெஸ் வெளியிட்டார். அதற்கான காந்தச் சான்றை 1963-இல் புவி இயற்பியலர்கள் வைன், மேத்யூஸ் இருவரும் விளக்கினர். இவற்றிலிருந்து புவித்தட்டுக் கோட்பாடு பிறந்தது.

தமிழ்நாட்டுச் சான்றுகள்

கொல்லிமலையின் சார்னோக்கைட் பாறைகள் ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகள் பழமையானவை. இப்பாறை வகை இலங்கை, மடகாஸ்கர், கிழக்கு அண்டார்க்டிகா ஆகியவற்றிலும் உண்டு. வகை ஒன்றாயிருப்பது மட்டும் சான்றாகிவிடாது. வயதும் பாறைகள் நெரிந்த திசையும் பொருந்த வேண்டும். கொல்லிமலைக்குத் தெற்கே காவிரி முதல் பாலக்காடு வரை நீளும் நெரிந்த பாறைப் பட்டையை, ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன் கோண்டுவானா என்னும் பண்டைப் பெருநிலம் ஒன்றுசேர்ந்தபோது உண்டான மூட்டு எனப் பல ஆய்வாளர்கள் கருதுகின்றனர். அதன் தொடர்ச்சியை மடகாஸ்கரில் தேடுகின்றனர்.

பிரிவின் சான்று அரியலூரில் உள்ளது. அண்டார்க்டிகாவிடமிருந்து இந்தியா விலகியபோது உருவான காவிரிப் படுகையில் கடல் புகுந்தது. அக்கடலில் வாழ்ந்த அம்மோனைட் என்னும் ஓட்டுயிரிகளின் புதைபடிவங்கள் இன்று அங்குள்ள சுண்ணாம்புப் பாறைகளில் கிடைக்கின்றன. அப்பாறைகள் சிமெண்டுக்காக வெட்டப்படுவதால், புதைபடிவங்களை உடனுக்குடன் பதிவுசெய்து காப்பது இன்றியமையாதது.