லண்டனில் நாளுக்கொரு மதுக்கூடம்

ஒருமுறை போன மதுக்கூடத்துக்கு மறுமுறை போவதில்லை, நாளுக்கு ஒன்று என்று ஓராண்டு முழுக்கச் சுற்றிவரப் பெருநகரங்களில் சிலர் சபதம் எடுத்துக்கொள்வதுண்டு. லண்டனில் அந்த ஓராண்டு எந்த மூலைக்கும் போதாது. நகர மேயர் அலுவலகம் 2017இல் வெளியிட்ட கணக்கின்படி, முந்தைய ஆண்டில் அங்கே 3,615 பப்கள் இருந்தன. நாளுக்கு ஒன்றாக எல்லாவற்றையும் பார்த்து முடிக்க ஏறக்குறையப் பத்து ஆண்டுகள் ஆகும். 2001இல் அந்த எண்ணிக்கை 4,835 என்பதால், அப்போது தொடங்கியவருக்குப் பதின்மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கும். ஒரே நகரத்தில் இத்தனை கூடங்கள் எப்படி வந்தன என்று கேட்டால், ஆங்கிலேயருக்குப் பீர் என்றால் உயிர் என்ற பதில்தான் முதலில் வரும். அது பாதி உண்மைகூட இல்லை என்பது என் கருத்து. லண்டனில் எந்தத் தெருவில் எத்தனை பப் இருக்கலாம், அது எப்போது திறக்கலாம், உள்ளே எப்படி இருக்கலாம், யாரை உள்ளே விடலாம் என்பதையெல்லாம் பெரும்பாலும் முடிவு செய்தவை சட்டமும் வரியும் சொத்துரிமையும்தான். குடிப்பவரின் தாகம் அவற்றின் பின்னால்தான் வந்தது.

தொடக்கத்தில் ஏல் என்ற தானிய மதுவை விற்பது ஏழையின் பிழைப்பு. வீட்டு அடுப்பில் காய்ச்சியதை முன்னறையில் வைத்து விற்பவர்களில் பெண்கள் ஏராளம். விதவைகள் பலர் அதை நம்பியே வாழ்ந்தார்கள். ஹாப்ஸ் என்ற கசப்புப் பூ சேர்த்த பீர் பரவியபோது இந்த நிலை மாறத் தொடங்கியது. ஹாப்ஸ் கலந்தது சீக்கிரம் புளித்துப்போகாது என்பதால் பெரிய அளவில் காய்ச்சிச் சேமிக்கலாம், வண்டியேற்றி அனுப்பலாம். அதற்கு முதலும் வேண்டும். காய்ச்சுவது இப்படி முதல் உள்ளவர்களின் கைக்குப் போய்க்கொண்டிருந்த காலத்தில், 1552இல், விற்பதற்கும் கட்டுப்பாடு வந்தது. ஏல் கடை நடத்த இரண்டு நீதிவான்களின் அனுமதி வேண்டும் என்று சட்டம் சொன்னது. அன்று முதல் ஒரு கடை திறப்பதும் மூடுவதும் வாடிக்கையாளர் வருகையை மட்டும் பொறுத்ததாக இல்லை. அந்தப் பகுதியில் ‘தக்கவர்’ யார் என்று நிலவுடைமையாளர்களான நீதிவான்கள் நினைத்தார்களோ அதையும் பொறுத்ததாயிற்று. 1577இல் அரசு கடைகளை எண்ணியபோதும் மனத்தில் இருந்தது பணம்தான். டோவர் துறைமுகத்தைச் சீர்செய்ய அவற்றின்மீது வரி போடலாமா என்று பார்த்தார்கள்.

சட்டம் கைவிட்டபோது என்ன ஆகும் என்பதைப் பதினெட்டாம் நூற்றாண்டின் ஜின் காட்டியது. தானியம் விளைவித்த நிலக்கிழார்களுக்குச் சந்தை வேண்டியிருந்தது. பிரெஞ்சுப் பிராந்திக்கு மாற்றும் வேண்டியிருந்தது. அதனால் சாராயம் வடிப்பதை அரசே தாராளமாகத் திறந்துவிட்டது. பீர் கடைக்கு நீதிவான் அனுமதி வேண்டிய லண்டனில் ஜின்னைப் பெட்டிக்கடையிலும் தள்ளுவண்டியிலும் வாங்க முடிந்தது. குடும்பங்கள் சிதைந்தன, இந்தத் துயரத்தைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. 1736இல் சில்லறை விற்பனை உரிமத்துக்கு ஆண்டுக்கு 50 பவுண்டு என்று சட்டம் வந்தது. அந்தத் தொகையைக் கட்டியவர் அரிது. திருட்டு விற்பனை பெருகியதுதான் மிச்சம். 1743இல் அந்தச் சட்டத்தைக் கைவிட்டார்கள். வடிப்பவர்கள் உரிமம் இல்லாத கடைகளுக்கு விற்கக் கூடாது என்று 1751இல் வந்த சட்டம் அதைவிட நன்றாக வேலை செய்தது. ஓவியர் ஹோகார்த் தன் புகழ்பெற்ற இரு படங்களை வெளியிட்டதும் அதே ஆண்டில்தான்: ஜின் தெருவில் அழிவு, பீர் தெருவில் செழிப்பு. ஜின்னுக்கு மருந்து பீர் என்ற அந்த எண்ணம் அடுத்த எண்பது ஆண்டுகள் ஆள்வோர் மனத்தில் நிலைத்திருந்தது.

1830இல் வெலிங்டன் பிரபுவின் அரசு கொண்டுவந்த பீர் கடைச் சட்டம் அதன் விளைவு. வரி கட்டும் குடும்பத் தலைவர் யாராயினும் இரண்டு கினி கட்டிக் கலால் துறையிடம் உரிமம் வாங்கித் தன் வீட்டிலேயே பீர் விற்கலாம். நீதிவானின் அனுமதி தேவையில்லை. பீர்மீதான தீர்வையும் நீங்கியது. பீர் ஆலை முதலாளிகளும் நீதிவான்களும் கைகோத்து நடத்திய ஏகபோகத்தை உடைப்பதே நோக்கம் என்றார்கள். ஆறு மாதத்துக்குள் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஏறக்குறைய 24,000 புதிய பீர் கடைகள் முளைத்தன; எட்டு ஆண்டுகளில் அவை 46,000 ஆயின. செருப்புத் தைப்பவரும் தச்சரும் பகலில் தொழிலைப் பார்த்துக்கொண்டு மாலையில் முன்னறையில் பீர் ஊற்றினார்கள். தொழிற்புரட்சியால் நகரங்கள் பெருத்தன, உலைக்களத்தில் வேர்வை சிந்தியவனுக்குத் தாகம் எடுத்தது, கடை பெருகியது. சட்டம் அதற்கு வழிவிட்டது, அவ்வளவுதானே என்று கேட்கலாம். நகரங்கள் பெருத்தது உண்மைதான். ஆனால் ஆறு மாதத்தில் எந்த நாட்டின் தாகமும் அப்படி எகிறாது. எதிர்த்திசையில் நடந்ததையும் பார்க்க வேண்டும். 1869இல் பீர் கடைகள் திரும்ப நீதிவான்களின் கையில் வந்தன. உரிமத்தைப் புதுப்பிக்க மறுக்க அவர்களுக்கு அதிகாரம் உண்டு என்று 1891இல் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. 1904இல் வந்த சட்டம், மூடப்படும் கடைக்கு மற்றக் கடைகளிடம் வசூலித்த நிதியிலிருந்து இழப்பீடு தர வழிசெய்தது. மக்கள்தொகை ஏறிக்கொண்டே போன அந்தக் காலத்தில் கடைகளின் எண்ணிக்கை இறங்கியது. இழப்பீட்டில் பெரும் பங்கு கட்டடம் வைத்திருந்த பீர் ஆலைகளுக்கே போனதால், சந்துகளில் இருந்த எளியவர் கடைகளை மூட அவையும் தயங்கவில்லை. தப்பியவை பெரும்பாலும் தெருமுனைப் பெருங்கூடங்கள்.

லண்டனில் இன்று பயணிகள் வியந்து பார்க்கும் அழகும் இந்த நெருக்கடியில் பிறந்ததுதான். புதிய உரிமம் கிடைப்பது அரிதானதால் இருக்கும் உரிமங்களின் விலை ஏறியது. 1886இல் கின்னஸ் ஆலை பங்குகளை வெளியிட்டுப் பெரும் பணம் திரட்டியதைப் பார்த்து மற்ற ஆலைகளும் பங்குச் சந்தைக்கு வந்தன. திரண்ட பணத்தைக் கொண்டு பப்களை வாங்கின, அல்லது நடத்துபவருக்குக் கடன் கொடுத்து, தங்கள் பீரை மட்டுமே விற்க வேண்டும் என்று கட்டிப்போட்டன. கொடுத்த விலைக்கு வருமானம் வர வேண்டுமே. அதற்காகத்தான் அந்தக் கண்ணாடியும் சுவர் ஓடுகளும் மகோகனி மரமும். ஹோல்பர்னில் உள்ள பிரின்சஸ் லூயிஸ் என்ற பப்பின் உட்புறத்தை 1891இல் இப்படிப் புதுப்பித்தார்கள். பூவேலை செதுக்கிய கண்ணாடித் தடுப்புகள் கூடத்தைச் சிறு சிறு அறைகளாகப் பிரிக்கின்றன. நடுவே நிற்கும் கவுன்டர் எல்லா அறைகளுக்கும் பொது. விலை குறைந்த ‘பப்ளிக் பார்’ கூலித் தொழிலாளிக்கு, கம்பளம் விரித்த ‘சலூன்’ காசுள்ளவருக்கு, வீட்டுக்கு வாங்கிப்போக வருவோருக்குத் தனி வாசல் என்று அந்தக் காலப் பப்கள் பிரிந்திருந்தன. லாம்ஸ் காண்டுயிட் தெருவில் உள்ள ‘தி லாம்ப்’ பப்பில் இன்றும் ஒரு பொருளைப் பார்க்கலாம். கவுன்டரின் மேல், குடிப்பவரின் முக உயரத்துக்கு, சுழலும் சிறு கண்ணாடிப் பலகைகள் வரிசையாக இருக்கின்றன. பலகையைத் திருப்பிப் பானத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு மறுபடி மூடிவிட்டால், ஊற்றிக் கொடுக்கும் பெண்ணுக்கும் எதிர்ப்புற அறையில் நிற்கும் தொழிலாளிக்கும் கனவானின் முகம் தெரியாது. ஒரே கூரை, ஒரே பீப்பாய், ஆனால் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காமல் குடிக்கலாம். வர்க்கப் பிரிவினையை இதைவிட வெளிப்படையாகக் காட்டும் தச்சுவேலை அந்த நகரத்தில் இல்லை என்பேன். நீதிவான்களுக்கோ மூலைகளில் நடப்பது கண்காணிப்பவர் கண்ணில் பட வேண்டும். பிற்காலத்தில் அவர்கள் தடுப்புகளை அகற்றச் சொல்லிக்கொண்டே இருந்ததால் இத்தகைய அறைகள் அரிதாகிவிட்டன.

இந்தத் தடுப்புகள் இன்னொரு வேலைக்கும் பயன்பட்டன. இரண்டாம் உலகப் போருக்குப் பின் மேற்கிந்தியத் தீவுகளிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் பாகிஸ்தானிலிருந்தும் வந்த தொழிலாளர்களுக்குப் பல பப்கள் பப்ளிக் பாரில் மட்டும் ஊற்றிக் கொடுத்தன, சலூனில் மறுத்தன. சில வாசலிலேயே மறுத்தன. லண்டனுக்கு வெளியே, ஸ்மெதிக்கில், இந்தியத் தொழிலாளர் சங்கத்தின் அழைப்பில் 1965 பிப்ரவரியில் வந்த அமெரிக்கக் கறுப்பினத் தலைவர் மால்கம் எக்ஸ், ப்ளூ கேட்ஸ் என்ற பப்பில் இதை நேரில் கண்டார். அதே மாதம் அவர் நியூயார்க்கில் கொல்லப்பட்டார். பொது இடங்களில் நிறத்தைக் காரணம் காட்டி மறுப்பது தவறு என்று பிரிட்டனில் முதல் சட்டம் வந்ததும் அதே 1965இல்தான். ஃப்ளீட் தெருவில் பத்திரிகையாளர்கள் கூடும் எல் வினோ, பெண்கள் கவுன்டரில் நின்று குடிக்கக் கூடாது, பின்னறையில் உட்கார்ந்தால்தான் தருவோம் என்றது. பாலினப் பாகுபாட்டுத் தடைச் சட்டம் 1975இல் வந்தும் அந்த வழக்கம் நீடித்தது. 1982இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகே முடிந்தது. நாளுக்கு ஒரு கூடம் என்று கிளம்பும் நடையைப் பற்றிப் பேசும்போது இதை விட்டுவிட்டால் வரலாறு பொய்யாகிவிடும். ஆயிரக்கணக்கில் கதவுகள் இருந்தும் ஒரு கறுப்பினத்தவரோ தனியாக வரும் பெண்ணோ எந்தக் கதவையும் தயங்காமல் தள்ளலாம் என்ற நிலை வந்து ஏறக்குறைய அரை நூற்றாண்டுதான் ஆகிறது. அதையும் சட்டம்தான் திறந்துவிட வேண்டியிருந்தது.

நேரத்தின் கதையும் இப்படித்தான். முதல் உலகப் போருக்கு முன் லண்டன் பப்கள் காலை 5 மணிக்குத் திறந்து நள்ளிரவு 12.30 வரை நடக்கலாம். வெடிமருந்து ஆலைத் தொழிலாளர்கள் குடித்துவிட்டு வேலைக்கு வருவதில்லை என்ற புகாரால் 1915இல் அமைந்த மத்தியக் கட்டுப்பாட்டு வாரியம் அந்தப் பத்தொன்பதரை மணி நேரத்தை ஐந்தரையாக வெட்டியது. பிற்பகலில் கட்டாய இடைவெளி வைத்தது. ஒருவர் மற்றவருக்கு வாங்கிக் கொடுப்பதையும் தடை செய்தது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் குடிபோதைத் தண்டனைகள் 1913இல் ஏறக்குறைய 1,89,000. 1918இல் 29,000 அளவே. இளைஞர்கள் போர்முனைக்குப் போய்விட்டார்களே, பிறகு யார் தெருவில் தள்ளாடுவது என்ற மறுப்பு நியாயமானது; பீரின் காரமும் குறைந்தது, விலையும் கூடியது. ஆனால் போர்முனைக்குப் போகாத பெண்கள்மீதான தண்டனைகளும் அந்த ஆண்டுகளில் வெகுவாகச் சரிந்தன. போருக்காக வந்த பிற்பகல் இடைவெளி 1988 வரை நீடித்தது. இதே வாரியம் 1916இல் வட இங்கிலாந்தில் கார்லைல் வட்டாரத்தின் பீர் ஆலைகளையும் பப்களையும் அரசுடைமையாக்கியது. மேலாளர்களுக்குச் சம்பளம் உண்டு. மது அதிகம் விற்றால் கமிஷன் கிடையாது. உணவு விற்பனையை ஊக்குவித்தார்கள். விற்பவரின் லாபத்தையும் குடியின் அளவையும் பிரித்துவிட்டால் கூடத்தின் குணம் மாறும் என்ற அந்த முயற்சி 1973 வரை நடந்தது. பப் என்பது சட்டத்தால் வார்க்கப்படும் பொருள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இன்றைய சரிவுக்கு வருவோம். தொலைக்காட்சி, சூப்பர் மார்க்கெட்டின் மலிவு பீர், 2007இன் புகைத்தடை, குடிக்காத புதிய தலைமுறை என்று காரணங்கள் சொல்வார்கள். இவற்றை நான் மறுக்கவில்லை. இவை கூட்டத்தைக் குறைத்தன. எந்தக் கூடம் சாக வேண்டும் என்பதைத் தீர்மானித்தது வேறு. 2,000 பப்களுக்கு மேல் வைத்திருந்த பெரிய பீர் ஆலைகள், அந்த வரம்புக்கு மேற்பட்டவற்றில் பாதியை விற்க வேண்டும் அல்லது தங்கள் பீரை மட்டுமே விற்க வேண்டும் என்ற கட்டிலிருந்து விடுவிக்க வேண்டும் என்று 1989இல் அரசு ஆணையிட்டது. நோக்கம் போட்டியை வளர்ப்பது. விளைவோ, பீரே காய்ச்சாத பெரிய சொத்து நிறுவனங்கள் ஆயிரக்கணக்கில் பப்களை வாங்கிக் குவித்தன. பழைய கட்டு போகவில்லை. நடத்துபவர் வாடகையும் கட்டி, நிறுவனம் சொல்லும் விலைக்குப் பீரும் வாங்க வேண்டியிருந்தது. லண்டனில் நிலத்தின் விலை பீர் லாபத்தைப் பல மடங்கு மிஞ்சியபோது, கூட்டம் உள்ள பப்கூட அடுக்குமாடிக் குடியிருப்பாக மாறுவதில்தான் உரிமையாளருக்கு ஆதாயம். மைடா வேலில் 1920-21இல் கட்டிய கார்ல்டன் டேவர்ன் அப்படி 2015 ஏப்ரலில், பாதுகாக்கப்பட்ட கட்டடமாக அறிவிக்கும் பரிசீலனை நடந்துகொண்டிருந்தபோதே, அனுமதியின்றி இடிக்கப்பட்டது. வெஸ்ட்மின்ஸ்டர் நகரசபை, இடித்ததை இருந்தபடியே திரும்பக் கட்ட வேண்டும் என்று உத்தரவிட்டது. கட்டடத்தின் விவரங்கள் முன்பே பதிவாகியிருந்ததால் அது நடக்கக்கூடியதாயிற்று. உரிமையாளரின் மேல்முறையீடு தோற்றது. 2021 ஏப்ரலில் அந்தப் பப் மறுபடி திறந்தது. இங்கிலாந்தில் பப்பை இடிக்கவோ வேறு பயன்பாட்டுக்கு மாற்றவோ திட்ட அனுமதி கட்டாயம் என்று 2017இல் விதி வந்தது. 500 அல்லது அதற்கு மேல் கட்டுப்பட்ட பப்கள் வைத்திருக்கும் நிறுவனங்களிடம், கட்டிலிருந்து விலகி வாடகை மட்டும் கட்டும் வாய்ப்பைக் குத்தகைக்காரர் கேட்கலாம் என்று அதற்கு முந்தைய ஆண்டிலேயே இன்னொரு விதி வந்திருந்தது. முதல் விதி சுவரைக் காக்கிறது. உள்ளே இருப்பவர் பிழைக்க வழிசெய்வது இரண்டாவதுதான். அதன் வரம்பு 500இல் நிற்பதால், அதைவிடச் சிறிய நிறுவனங்களின் கீழ் இருக்கும் குத்தகைக்காரர்களுக்கு அந்த உரிமை இல்லை. லண்டனின் எண்ணிக்கை மேலும் சரியாமல் இருக்க வேண்டுமானால் அடுத்துத் திருத்த வேண்டியது அந்த வரம்பைத்தான்.