நலம் தந்த மலை

சந்தவாசலில் வாழும் நமக்கு மேற்கே சவ்வாது மலை அரணாக நிற்கின்றது. அங்குத் தோன்றும் கமண்டல நாகநதி படவேட்டைக் கடந்து ஆரணிக்குச் செல்கின்றது. மலையைச் சமவெளியினர் மறந்தாலும் மலைநீரின்றி அவர்தம் வயல்கள் இல்லை. எனவே மலையூர் ஒன்று தன் இயற்கையை எவ்வாறு பேணுகின்றது என்பது நமக்கும் உரிய வினாவாகும். இதற்குக் கோடைக்கானலின் வரலாறு தக்க விடை தருகின்றது.

பளியர் முதலான பழங்குடியினர் வாழ்ந்த பழனி மலையை 1821-இல் வார்டு என்னும் ஆங்கிலேய அதிகாரி அளந்தார். மதுரையில் பணியாற்றிய அமெரிக்க மறைப்பணியாளர்கள் வெப்பத்தாலும் நோயாலும் தம்மவரைப் பறிகொடுத்து, 1845-இல் அங்கு இரு வீடுகளைக் கட்டினர். நலம் நாடியவர்களால் பிறந்தது அவ்வூர். 1863-இல் லெவிஞ்ச் என்பார் ஓடையைத் தடுத்து ஏரியை அமைத்தார். 1895-இல் இயேசு சபையினர் செண்பகனூரில் திருஇருதயக் கல்லூரியை நிறுவினர். ஆக, மலையிடம் நலம் பெற்றோரின் வரிசையில் திருச்சபையும் உண்டு.

பெற்ற நலத்திற்குக் கைம்மாறு யாது? சோலைக் காடுகளும் அவற்றைச் சூழ்ந்த புல்வெளிகளும் மழைநீரை உறிஞ்சி வைத்துக் கோடையிலும் ஓடைகளுக்கு வழங்குவன. அப்புல்வெளிகளை வீண்நிலம் என்று எண்ணியோர், தோல் பதனிடும் சாறுக்காகவும் காகிதக் கூழுக்காகவும் சீகை, தைலமரம் முதலியவற்றை நட்டனர். அயல்மரம் பரவப் புல்வெளி சுருங்கிற்று. ஓடைகளின் வளமும் குன்றிற்று.

1980-களில் அமெரிக்காவிலிருந்து ஒரு வெப்பமானித் தொழிற்சாலை கோடைக்கானலுக்குப் பெயர்ந்து வந்தது. பின்னர் அது இந்துஸ்தான் லீவர் நிறுவனத்தின் உடைமையாயிற்று. 2001-இல் பாதரசம் கலந்த உடைந்த கண்ணாடிகள் பழைய பொருள் கடையொன்றில் கிடப்பதை ஊராரும் சூழல் ஆர்வலரும் வெளிக்கொணர்ந்தனர், ஆலை மூடப்பட்டது. 2003-இல் பாதரசக் கழிவின் ஒரு பகுதி அமெரிக்காவிற்கே திருப்பி அனுப்பப்பட்டது. முன்னாள் தொழிலாளர் 591 பேருக்கு 2016-இல்தான் உடன்பாடு கிட்டிற்று. மண்ணில் கலந்த நஞ்சோ உடன்பாட்டால் அகலுவதன்று.

இவ்வரலாற்றில் நம்பிக்கை தரும் பக்கங்களும் உள. இயேசு சபைத் தாவரவியலாளர் கே. எம். மேத்யூ அடிகளார் அம்மலையின் செடிகொடிகளை ஆண்டுக்கணக்கில் ஆய்ந்து, 1999-இல் மூன்று தொகுதிகளாக வெளியிட்டார். 1985-இல் பழனி மலைப் பாதுகாப்புக் குழு தோன்றிற்று. 2013-இல் வனவிலங்குச் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. ஊர்திகளின் நெரிசல் பெருகவே, 2024-இல் சென்னை உயர்நீதிமன்றத்தின் ஆணைப்படி இ-பாஸ் முறை வந்தது.

அன்பர்களே, நீதிமன்றமும் சட்டமும் தீங்கு நேர்ந்த பின்னரே பெரும்பாலும் வருகின்றன. சுற்றுலாப் பயணியோ இரு நாள் தங்கி மீள்பவர். ஓடையின் நிறம் மாறுவதை முதலில் காண்பவர் அவ்வூராரே. ஆலைக் கழிவைக் கண்டவர்களும் அவர்களே. ஆதலின் காவற்பொறுப்பும் முதற்கண் அவர்களுடையது. விடுதியும் கடையும் அவர்களுக்குப் பிழைப்பளிக்கின்றன என்பது மெய். ஆயினும் குளிரையும் பசுமையையும் நாடியே விருந்தினர் வருகின்றனர். அவை அழியின் பிழைப்பும் உடன் அழியும்.

முதல் மனிதனைத் தோட்டத்தில் வைத்த இறைவன், பயிரிடும் பணியோடு காக்கும் பணியையும் தந்தார் என்று தொடக்கநூல் கூறுகின்றது. திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட சுற்றுமடலில் பூமியை நம் பொது இல்லம் என்றார். அவ்வில்லத்தின் மேல்தளத்தில் வாழ்வோர் கீழே இருப்பவரின் தாகத்தையும் நினைத்தல் வேண்டும். கீழே வாழும் நாமும் மலையேறும்போது விருந்தினருக்குரிய அடக்கத்தோடு செல்லுதல் வேண்டும். அது சவ்வாது மலைக்கும் பொருந்தும்.