தாடை மூட்டு வலிக்குப் பற்கடிப்பே காரணமா?

வாய் திறக்கையில் காதோரம் சொடுக்குகிறது, மெல்லும்போது கன்னம் வலிக்கிறது என்று வருபவருக்கு, மேல்கீழ்ப் பற்கள் பொருந்தாத இடத்தைத் தேய்த்துச் சமன்செய்யும் வழக்கம் இன்னும் முற்றாக ஒழியவில்லை. மேல்கீழ்ப் பற்கள் பொருந்தும் விதமே, அதாவது கடிப்பே, வலிக்குக் காரணம் என்ற கோட்பாடுதான் அதற்கு ஆதாரம். அது தொடக்கத்திலிருந்தே வலுவற்றது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

1934இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரக் காது, மூக்கு, தொண்டை மருத்துவர் ஜேம்ஸ் காஸ்டன், 11 நோயாளிகளைக் கொண்டு ஒரு விளக்கம் தந்தார். கடைவாய்ப்பற்களை இழந்தவர்களுக்குத் தாடை அளவுமீறி மூடிக்கொள்கிறது. கீழ்த்தாடை எலும்பின் குமிழ் பின்னோக்கி நகர்ந்து நரம்புகளை அழுத்துகிறது. காது அடைப்பும் வலியும் அதனால் வருகின்றன என்றார். அந்த நரம்புகள் குமிழால் நசுக்கப்படும் இடத்தில் இல்லை என்று உடற்கூற்றியலாளர் ஹாரி சிக்கர் 1948இல் மறுத்தார். நரம்பு பற்றிய விளக்கம் கைவிடப்பட்டது. கடிப்பின் மீதான சந்தேகம் மட்டும் பல் மருத்துவத்தில் தங்கிவிட்டது.

தேய்த்தபின் வலி குறைகிறதே என்பதுதான் அக்கோட்பாட்டினர் காட்டும் தலையாய சான்று. குட்மன், கிரீன், லாஸ்கின் மூவரும் 1976இல் வெளியிட்ட ஆய்வு இதைச் சோதித்தது. 25 பேரிடம் கடிப்பை மாற்றாமலே, பற்களைத் தேய்த்துச் சமன்செய்வதாக நம்பவைத்தார்கள். 16 பேர் வலி முழுவதுமோ பெரும்பாலுமோ நீங்கியதாகச் சொன்னார்கள். சிறிய ஆய்வுதான்; ஆயினும் வலி தணிந்ததைக் கொண்டு கடிப்பே காரணம் என்று முடிவுகட்ட முடியாது என்பதற்கு அது போதும். இவ்வலி ஏறியிறங்கும் இயல்புடையது. அது உச்சத்தில் இருக்கும்போதுதான் பெரும்பாலோர் மருத்துவரைத் தேடுகிறார்கள். அதன்பின் என்ன செய்தாலும் ஓரளவு தணிவு தெரியவே செய்யும்.

காரணமும் விளைவும் இடம்மாறித் தெரிவதும் உண்டு. முடக்குவாதத்தில் மூட்டுக் குமிழ் அரிக்கப்பட்டால் தாடை பின்சரிந்து, முன்பற்கள் ஒன்றையொன்று தொடாமல் போகும். மெல்லும் தசை இறுகினாலே கடிப்பு சற்று விலகும். அந்த விலகலை நோயின் மூலமாகக் கொண்டு தேய்த்துவிட்டால், தசை தளர்ந்தபின் பற்கள் உண்மையாகவே பொருந்தாமல் போகலாம். போன எனாமல் திரும்ப வளராது. ஆகவேதான் வெந்நீர் ஒத்தடம், மென்மையான உணவு, தாடைப் பயிற்சி போன்றவற்றை முழுமையாக முயன்று பார்க்காமல் பல்லில் கைவைப்பதை நான் ஏற்க மறுக்கிறேன். புதிதாக அடைத்த பல் உயர்ந்து நின்று இடிப்பது வேறு. அதை அன்றே சரிசெய்வது முறை.

ஞானப்பல்லிலும் இந்தப் பிரித்தறிதல் தேவை. பாதி முளைத்த கீழ் ஞானப்பல்லை மூடிய ஈற்றில் தொற்று ஏற்பட்டால் வாய் திறப்பதே கடினமாகும். அது மீண்டும் மீண்டும் வருமானால் பல்லை எடுக்கலாம். ஈறு ஆரோக்கியமாக இருந்து, கன்னத்தசையை அழுத்தும்போது அதே வலி எழுந்தால், எக்ஸ்ரேயில் அப்பல் சாய்ந்து கிடப்பதை வலிக்குக் காரணமாகக் கொள்ள இடமில்லை. அதை எடுப்பதற்காக வாயை நெடுநேரம் அகலத் திறந்து வைத்திருப்பது, ஏற்கெனவே நொந்திருக்கும் மூட்டை மேலும் நோகச் செய்யும்.