இலங்கையில் மலேரியா: இருமுறை வகுத்த இலக்கு

நோயாளிகளுக்கு வைத்தியசாலை அமைத்துத் தருவதும், குளம் வெட்டி நீர் தேக்குவதும், பஞ்சகாலத்தில் களஞ்சியத்தைத் திறந்துவிடுவதும் பண்டை அரசர்களின் தர்மங்களுள் அடங்கியிருந்தன என்பதற்கு, மிகிந்தலை மலையடிவாரத்தில் இன்றும் காணக்கிடக்கும் புராதன வைத்தியசாலையின் இடிபாடுகளே சாட்சி. ஆனால், இன்ன வியாதியை இன்ன ஆண்டுக்குள் இத்தேசத்தின் எல்லையை விட்டே அகற்றிவிடுவோம் என்று ஓர் அரசு பிரகடனம் செய்வதும், அதை நிறைவேற்றும் பொருட்டு வீட்டுக்கு வீடு ஆளனுப்புவதும், ஆண்டு முடிவில் கணக்குப் பார்த்து வென்றோமா தோற்றோமா என்று தன்னைத் தானே கேட்டுக்கொள்வதும் இருபதாம் நூற்றாண்டில் தோன்றிய வழக்கங்கள். இவ்வழக்கம் ஒரு சிறிய நாட்டில் எவ்வாறு வேரூன்றியது, ஒருமுறை எவ்வாறு பொய்த்தது, மறுமுறை எவ்வாறு பலித்தது என்று அறிய விரும்புவோருக்கு இலங்கையின் மலேரியாச் சரித்திரத்தைக் காட்டிலும் பொருத்தமான உதாரணம் கிடைப்பது அரிது.

இத்தீவின் வடக்கிலும் கிழக்கிலும் வடமத்தியிலும் பரந்து கிடக்கும் வறண்ட வலயத்தில் காய்ச்சல் என்பது பருவமழையைப் போல ஆண்டுதோறும் வந்து போகும் ஒன்றாக இருந்தது. வன்னியின் காட்டோரக் கிராமங்களில் வயிறு வீங்கி மண்ணீரல் பருத்த குழந்தைகளைக் காண்பது யாருக்கும் வியப்பளிக்கவில்லை. ஆயிரக்கணக்கான குளங்களுடன் செழித்திருந்த இராஜரட்டை நாகரிகம் பொலன்னறுவைக் காலத்துக்குப் பின் கைவிடப்பட்டதற்கு இந்நோயே காரணம் என்று வாதித்த அறிஞர்களும் உளர். படையெடுப்புகளால் குளங்கள் பாழாயின, பாழான குளங்களால் நோய் பரவியது என்று காரணத்தையும் காரியத்தையும் மாற்றி வைத்துக் கூறியவர்களும் உளர். இவ்வழக்கில் தீர்ப்புச் சொல்ல நம்மிடம் போதிய சான்று இல்லையாதலால் அதை அவர்களிடமே விட்டுவிடுவோம். 1911-ஆம் ஆண்டு குருநாகலில் முதலாவது மலேரியாத் தடை நிலையம் தொடங்கப்பட்டது. 1920-களில் பூச்சியியல் அறிஞர் கார்ட்டர், தீவில் உலவும் பலவகை அனோபிலிஸ் நுளம்புகளுள் கூலிசிபேசிஸ் என்ற ஒன்றே இந்நோயைப் பரப்பும் பிரதான குற்றவாளி என்று நிலைநாட்டினார். 1926-இல் றொக்பெல்லர் நிறுவனத்தின் ஆதரவோடு களுத்துறையில் அமைந்த முதலாவது சுகாதாரப் பிரிவு, நோய் வந்தபின் மருந்து கொடுப்பதோடு நில்லாமல் வருமுன் காப்பதையும் கிராமத்தளவில் நிர்வகிக்க முடியும் என்று காட்டியது. இவையெல்லாம் நல்ல ஆரம்பங்கள். எனினும் காய்ச்சலைக் குறைப்பதே அன்றைய நோக்கமாக இருந்ததன்றி, ஒழிப்பது என்ற எண்ணம் எவர் மனத்திலும் உதித்திருக்கவில்லை.

அவ்வெண்ணத்துக்கு வித்திட்டது ஒரு மகா அனர்த்தம். 1934-ஆம் ஆண்டு தென்மேற்குப் பருவமழை பொய்த்தது. வழக்கமாகப் பெருக்கெடுத்தோடி நுளம்புப் புழுக்களை அடித்துச் சென்றுவிடும் மகா ஓயாவும் தெதுறு ஓயாவும் களனி கங்கையும் நீர் வற்றி, மணற்படுகைகளில் வெயில் படும் தெளிந்த குட்டைகளாக அங்கங்கே தேங்கி நின்றன. கூலிசிபேசிஸ் முட்டையிடுவதற்கு அதைவிடச் சிறந்த இடம் வேறில்லை. வறண்ட வலயத்தவர் சிறுவயது முதல் காய்ச்சலில் அடிபட்டு ஓரளவு எதிர்ப்புச் சக்தி பெற்றவர்கள். ஆனால் கேகாலை, குருநாகல் பகுதிகளின் ஈரமான பள்ளத்தாக்குகளில் நெருங்கி வாழ்ந்த ஜனங்களுக்கு அப்படியொரு காப்பு இருக்கவில்லை. அதற்கு மேல், உலகப் பொருளாதார மந்தத்தில் தேங்காய்க்கும் இறப்பருக்கும் விலை விழுந்து, அவர்கள் அரைவயிற்றோடு இருந்த காலம் அது. அவ்வாண்டின் இறுதி மாதங்களில் மூண்டெழுந்த கொள்ளைநோய் சுமார் 15 லட்சம் பேரைப் படுக்கையில் வீழ்த்தியது. 1935 முடிவதற்குள் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர். அவர்களுள் குழந்தைகளே பெரும்பான்மையோர். தீவின் மொத்த ஜனத்தொகை அப்போது 60 லட்சத்தை எட்டியிருக்கவில்லை என்பதை நினைத்தால் இவ்வெண்களின் கனம் விளங்கும்.

இவ்வனர்த்தம் நிகழ்ந்த காலத்தின் விசேஷத்தையும் கவனிக்க வேண்டும். டொனமூர் அரசியல் திட்டத்தின்படி 1931-இல் ஆணுக்கும் பெண்ணுக்கும் சர்வஜன வாக்குரிமை கிடைத்து மூன்று ஆண்டுகளே ஆகியிருந்தன. காய்ச்சலில் கிடந்த குடியானவன் முதன்முறையாக வாக்காளனாகவும் இருந்தான். சூரியமல் இயக்கத்தைச் சேர்ந்த இளைஞர்கள் கொயினாவும் உணவும் சுமந்து கேகாலைக் கிராமங்களுக்குள் புகுந்தார்கள். வீடு வீடாகப் பருப்புப் பங்கிட்ட என். எம். பெரேராவை அவ்வூர்ச் சிங்கள ஜனங்கள் ‘பரிப்பு மாத்தயா’ (பருப்பு ஐயா) என்றே அழைக்கலாயினர். 1935 டிசம்பரில் அவ்விளைஞர்கள் லங்கா சமசமாஜக் கட்சியைத் தொடங்கினர்; அடுத்த ஆண்டுத் தேர்தலில் பெரேரா றுவன்வெல்லைத் தொகுதியிலும் அவர் தோழர் பிலிப் குணவர்த்தன அவிசாவளைத் தொகுதியிலும் வெற்றி பெற்று அரசாங்க சபைக்குள் நுழைந்தனர். கொள்ளைநோய் ஒன்று வாக்குப் பெட்டியில் எதிரொலிக்கும் என்பதை ஆள்வோர் கண்டுகொண்டனர். அதன் பின் கிராமப்புறங்களில் மருந்துச்சாலைகளும் வைத்தியசாலைகளும் பெருகியதற்கும், ஆற்றுக் குட்டைகளில் எண்ணெய் தெளிக்கும் பணி ஒழுங்காக நடைபெற்றதற்கும் கருணை மாத்திரமே காரணமென்று கொள்வது வெகுளித்தனம். ஜனநாயகத்தின் அச்சமும் ஒரு நல்ல வைத்தியரே என்பது என் அபிப்பிராயம்.

இரண்டாம் உலக யுத்தம் முடியும் தறுவாயில் டி.டி.டி. என்ற பூச்சிக்கொல்லி வந்தது. கூலிசிபேசிஸ் இரவில் வீட்டுக்குள் புகுந்து கடித்து, வயிறு நிறைந்தபின் சுவரில் அமர்ந்து இளைப்பாறும் சுபாவமுடையது. ஆகவே மண்சுவரானாலும் ஓலைத்தட்டியானாலும் அதன்மேல் இம்மருந்தைத் தெளித்துவிட்டால், மாதக்கணக்கில் அச்சுவரே நுளம்புக்கு யமனாக நிற்கும். 1945-ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கி, 1946-இல் மலேரியாப் பிரதேசங்கள் எங்கும் தெளிகருவி தாங்கிய தொழிலாளர் குழுக்கள் வீடு வீடாகச் சென்றன. இராஜேந்திரம் முதலிய அதிகாரிகள் இப்பணியை நெறிப்படுத்தினர். 1946-இல் ஆயிரம் பேருக்கு 20-க்குச் சற்று மேலாக இருந்த மரண வீதம் 1947-இல் 14-க்கு இறங்கியது. ஒரே ஆண்டில் இத்தகைய வீழ்ச்சியை உலகம் அதற்குமுன் கண்டதில்லை என்று பலரும் வியந்தார்கள். பெருமை முழுவதும் டி.டி.டி.க்கே உரியதா, அல்லது யுத்தத்துக்குப் பின் சீரடைந்த உணவு விநியோகத்துக்கும் வைத்தியசாலைகளுக்கும் தாய்சேய் நலப் பணிக்கும் அதில் பெரும் பங்கு உண்டா என்று ஜனத்தொகை ஆராய்ச்சியாளர்கள் பல்லாண்டுகள் வாதித்தனர். மலேரியாவே இல்லாத மாவட்டங்களிலும் மரணம் குறைந்திருந்தமையால் பின்னவர் கூற்றை எளிதில் தள்ளிவிட இயலாது.

காய்ச்சல் அடங்கியதும் காடு திறந்தது. மின்னேரியாவிலும் கல்லோயாவிலும் குளங்களைப் புதுக்கியும் அணைகளை எழுப்பியும் பல்லாயிரம் குடும்பங்கள் குடியேற்றப்பட்டன. யார் எங்கே குடியேற்றப்பட்டார்கள் என்பது பிற்காலத்தில் இன்னொரு துயரச் சரித்திரத்தின் தோற்றுவாய்களுள் ஒன்றாயிற்று; அது தனியே எழுதப்பட வேண்டிய விஷயம். நோயொழிப்பு, நிலத்தையும் அரசியலையும் தொடாமல் தன்பாட்டில் நிற்பதில்லை என்பதை மாத்திரம் இங்கே சுட்டி மேலே செல்வோம்.

1955-ஆம் ஆண்டு மெக்சிக்கோ நகரில் கூடிய எட்டாவது உலக சுகாதாரப் பேரவை, மலேரியாவை அடக்கினாற் போதாது, அடியோடு ஒழிக்க வேண்டும் என்று தீர்மானித்தது. நுளம்புகள் டி.டி.டி.க்குப் பழகிப்போகுமுன் நோயை முடித்துவிட வேண்டுமென்ற அவசரமும் அத்தீர்மானத்துக்குள் பொதிந்திருந்தது. இலங்கை 1958-இல் இவ்வேள்வியில் சேர்ந்தது. திட்டத்தின் தர்க்கம் எளிமையானது, ஒரு வகையில் அழகானதுங்கூட. சில ஆண்டுகள் இடைவிடாது சுவர்களில் மருந்தடித்தால் மனிதனிலிருந்து மனிதனுக்கு நோய் தாவுவது நின்றுவிடும். ஏற்கெனவே உடலில் தங்கிய கிருமி நாளடைவில் தானாகவே அற்றுப்போகும். அதன்பின் மருந்தடிப்பதை நிறுத்திவிட்டு, காய்ச்சல்காரர்களின் விரல்நுனியிலிருந்து ஒரு துளி இரத்தம் எடுத்துப் நுணுக்குக்காட்டியின் கீழ் சோதித்து, எஞ்சிய ஓரிருவரையும் குணப்படுத்திவிட்டால் காரியம் முடிந்தது. 1963-ஆம் ஆண்டு முழுவதும் தீவில் கண்டுபிடிக்கப்பட்ட நோயாளிகள் 17 பேரே. அவர்களிலும் 11 பேர் வெளிநாட்டில் நோயை வாங்கி வந்தவர்கள். 1964-இல் மருந்தடிப்பு நிறுத்தப்பட்டது.

இந்தப் பதினேழு என்ற எண் பொதுச் சுகாதார நூல்களிலெல்லாம் திரும்பத் திரும்பக் கூறப்படுவது. அதன் புகழ் வெற்றியினால் வந்ததன்று. தெளிகருவிக் குழுக்கள் கலைக்கப்பட்டன. காய்ச்சலே காணாத இடத்தில் இரத்தம் எடுத்துத் திரிவானேன் என்ற அலட்சியம் கண்காணிப்பாளரையும் நிதியாளரையும் ஒருங்கே பற்றிக்கொண்டது. இரத்தினக்கல் தேடி எலஹெர முதலிய இடங்களுக்கு நாலாதிசையிலிருந்தும் கூடிய ஜனங்கள் தோண்டிவிட்ட குழிகளில் மழைநீர் தேங்கியது. சேனைப் பயிர்செய்யக் காட்டுக்குள் சென்றவர்களை எந்தப் பதிவேடும் அறியவில்லை. 1967-இன் பிற்பகுதியில் தலைகாட்டிய காய்ச்சல், 1968-69 ஆண்டுகளில் ஐந்து லட்சத்துக்கும் அதிகமானோரைப் பிடித்தது. மீண்டும் டி.டி.டி. கொண்டுவரப்பட்டபோது கூலிசிபேசிஸ் அதைத் தாங்கிக்கொள்ளக் கற்றிருந்தது. 1970-களில் அதைவிட விலையுயர்ந்த மலத்தியோனுக்கு மாற வேண்டியதாயிற்று. 1980-களில் குளோரோகுயின் என்ற மருந்துக்கும் அடங்காத கிருமி தோன்றியது. கடலுக்கு அப்பால் இந்தியாவிலும் இதே கதை பேரளவில் நடந்தது: 1953-இல் கட்டுப்பாட்டுத் திட்டம், 1958-இல் ஒழிப்புத் திட்டம், 1965-இல் சுமார் ஒரு லட்சம் நோயாளிகள், 1976-இல் 64 லட்சம்.

அன்றைய அதிகாரிகளைப் பழிப்பது சுலபம். ஆயினும் நியாயமாக யோசித்தால், அவர்கள் செய்த பிழை இலக்கை உயரத்தில் வைத்ததன்று, இலக்கை நெருங்கிவிட்டதையே அடைந்துவிட்டதாக எண்ணியதுதான். பதினேழு நோயாளிகள் இருந்தார்கள் என்பதற்கும், பதினேழு பேரை நாம் கண்டுபிடித்தோம் என்பதற்கும் உள்ள தூரத்தை அவர்கள் அளக்கவில்லை. நோயாளி குறையக் குறைய ஒவ்வொரு நோயாளியையும் தேடிப் பிடிக்க ஆகும் செலவும் பிரயாசையும் கூடிக்கொண்டே போகும் என்பது திறைசேரிக்கு எக்காலத்திலும் உவப்பான செய்தியன்று.

முப்பது ஆண்டுகள் ஏற்றமும் இறக்கமுமாகக் கழிந்தன. உள்நாட்டு யுத்தம் வடக்கையும் கிழக்கையும் இரண்டாகப் பிளந்து, ஜனங்களை ஊர்விட்டு ஊர் விரட்டிக்கொண்டிருந்த 1999-ஆம் ஆண்டில் நோயாளிகளின் எண்ணிக்கை 2,60,000-ஐத் தாண்டியது. ஆனால் அந்த யுத்தத்தின் நடுவிலேதான் இரண்டாவது வெற்றிக்கு அடித்தளம் இடப்பட்டது என்பது வியப்புக்குரியது. இராணுவமும் விடுதலைப் புலிகளும் வேறு எதிலும் உடன்படாவிடினும், நுளம்புக்கு எதிரான பணியாளரைத் தடுக்கவில்லை. காய்ச்சல் இருதரப்புச் சிப்பாயையும் ஒன்றாகவே வீழ்த்தியது. நீண்ட நாள் பயன்படும் மருந்து தோய்த்த நுளம்பு வலைகள் எல்லைப்புறக் கிராமங்களுக்குச் சென்றன. எங்கும் ஒரே சீராக மருந்தடிக்கும் பழைய முறை கைவிடப்பட்டு, நோய் தென்பட்ட இடங்களில் மாத்திரம், மருந்து வகைகளை மாற்றி மாற்றி அடிக்கும் முறை கைக்கொள்ளப்பட்டது. நோயாளி வைத்தியசாலையைத் தேடி வரட்டும் என்று காத்திராமல், இரத்தம் பரிசோதிக்கும் நடமாடும் குழுக்கள் சேனைகளுக்கும் அகதி முகாம்களுக்கும் சென்றன. 2006-இல் ஆண்டு முழுவதற்குமான எண்ணிக்கை ஆயிரத்துக்குக் கீழ் இறங்கியது.

1960-களில் இருந்த அதே படியில் தேசம் மறுபடியும் வந்து நின்றது. இம்முறை, யுத்தம் ஓய்ந்த 2009-இல், 2014-ஆம் ஆண்டின் முடிவுக்குள் உள்நாட்டுப் பரவலை அறவே நிறுத்துவது என்று இலக்கு வகுக்கப்பட்டது. எய்ட்ஸ், காசநோய், மலேரியா ஆகியவற்றுக்கு எதிரான உலக நிதியத்தின் பொருளுதவியும் கிடைத்தது. கடைசிப் பத்துப் பேரைத் தேடுவதற்கே பெருந்தொகை செலவாகும் என்ற உண்மை இத்திட்டத்தில் முன்கூட்டியே கணக்கில் எடுத்துக்கொள்ளப்பட்டிருந்தது. ஒருவருக்கு நோய் உறுதியானால் உடனே அரசின் மலேரியாத் தடை இயக்கத்துக்கு அறிவிக்கப்படும்; அதிகாரிகள் அவர் வீட்டுக்குச் சென்று, சமீபத்தில் எங்கெங்கே படுத்துறங்கினார் என்று விசாரித்து, சுற்றியுள்ளோரின் இரத்தத்தைச் சோதித்து, அருகிலுள்ள நீர்நிலைகளில் புழுக்களைத் தேடுவார்கள். ஈரலில் ஒளிந்திருந்து மாதங்கள் கழித்துத் தலைதூக்கும் வைவாக்ஸ் கிருமியை ஒழிக்கப் பிரைமாகுயின் கொடுத்து, பல மாதங்கள் பின்தொடர்ந்து பார்ப்பார்கள். 2012 அக்டோபரில் கண்டறியப்பட்டவரே இத்தீவின் மண்ணில் நோய் பெற்ற அவ்வரிசையின் கடைசி நோயாளி. இலக்குக்கு இரண்டாண்டுகள் முன்னதாகவே காரியம் கைகூடிவிட்டது. தொடர்ந்து மூன்று ஆண்டுகள் உள்நாட்டு நோயாளி எவரும் இல்லையென்று நிரூபித்தபின், 2016 செப்டம்பர் 5-ஆம் தேதி உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது.

நுளம்பு ஒழியவில்லை, கிருமிதான் ஒழிந்தது. கூலிசிபேசிஸ் இன்றும் ஆற்றுக் குட்டைகளில் முட்டையிடுகிறது. அதுவும் போதாதென்று, அச்சான்றிதழ் கிடைத்த ஆண்டின் இறுதியிலேயே, தமிழகத்து நகரங்களில் கிணறுகளையும் மாடித்தொட்டிகளையும் உறைவிடமாகக் கொண்டு மலேரியா பரப்பும் ஸ்டீபன்சி என்ற வகை நுளம்பு மன்னார்க் கிணறுகளில் கண்டுபிடிக்கப்பட்டது. இந்தியாவிலிருந்தும் ஆப்பிரிக்க நாடுகளிலிருந்தும் தொழிலாளராகவும் வியாபாரிகளாகவும் யாத்திரிகராகவும் வருவோரில் சிலர் ஒவ்வோர் ஆண்டும் அக்கிருமியைத் தம் இரத்தத்தில் சுமந்து வருகிறார்கள். ஆகவே அத்தேசங்களுக்குச் செல்லும் இலங்கை வாசகர்கள், புறப்படுமுன் மலேரியாத் தடை இயக்கத்தில் இலவசமாகக் கிடைக்கும் தடுப்பு மருந்தைப் பெற்றுக்கொள்ளவும், திரும்பி வந்தபின் மாதங்கள் கழித்துக் காய்ச்சல் கண்டாலும் தாம் எங்கே சென்றிருந்தோம் என்பதை வைத்தியரிடம் முதலில் சொல்லவும் வேண்டுகிறேன்.