சிரிப்பும் கண்ணீரும் யாருடையவை? தமிழ்த் திரையில் மாற்றுத்திறனாளிகள்

'ஆங்க் மிச்சோலி' என்ற இந்தி நகைச்சுவைப் படத்தை எதிர்த்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2024 ஜூலை 8 அன்று தீர்ப்பளித்தது. மறதி நோயாளியையும் காதுகேளாதவரையும் திக்கிப் பேசுபவரையும் அப்படம் இழிவுபடுத்துகிறது என்பது வழக்குத் தொடுத்த நிபுன் மல்ஹோத்ராவின் முறையீடு. தலைமை நீதிபதி சந்திரசூட், நீதிபதி பர்திவாலா அமர்வு படத்தின் தணிக்கைச் சான்றிதழில் தலையிடவில்லை. ஆனால் முக்கியமான ஒரு வேறுபாட்டை வகுத்துக் கொடுத்தது. ஊனத்தைக் காட்டி ஒருவரைச் சிறுமைப்படுத்தும் நகைச்சுவை வேறு. ஊனத்தோடு வாழும் வாழ்வை விளங்கவைக்கும் நகைச்சுவை வேறு.

இந்த அளவுகோல் நகைச்சுவைக்கு மட்டும் போதாது. நம் படங்களில் கேலியும் கண்ணீரும் ஒரே வேரில் முளைத்தவை என்பது என் வாதம். காது மந்தமான கிழவரை வைத்துச் சிரிக்கவைக்கும் காட்சியிலும், பார்வையற்ற நாயகியை வைத்து அழவைக்கும் காட்சியிலும் ஊனம் கதையை நகர்த்தும் கருவியாகவே நிற்கிறது. 'பாகப்பிரிவினை'யில் (1959) சிவாஜி ஏற்ற கண்ணையனின் முடங்கிய கையும் காலும் கடைசியில் குணமாகிவிடுகின்றன. குணமாகாமலும் அவன் நிறைவாக வாழலாம் என்று அந்தக் கதை நினைக்கவே இல்லை.

கேலியும் கண்ணீரும் ஒன்றாகக் கூடிய படம் 'அபூர்வ சகோதரர்கள்' (1989). தான் காதலிக்கும் பெண் தன்னை மணக்கத்தான் அழைக்கிறாள் என்று நம்பிப் போகும் உயரம் குன்றிய சர்க்கஸ் கலைஞன் அப்புவுக்கு, அவளது பதிவுத் திருமணத்துக்குச் சாட்சியாக நிற்க நேர்கிறது. அந்த அவமானத்தைக் கமல்ஹாசன் காட்டிய விதத்துக்கு ஈடாகத் தமிழில் அதிகம் சொல்ல முடியாது. அப்பு வெறும் பரிதாபப் பொருளும் இல்லை. அவனுக்குக் கோபம் உண்டு, சூழ்ச்சி உண்டு, காதல் உண்டு. ஆனால் படம் வெளிவந்து முப்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் ரசிகர்கள் கேட்பது, காலை எப்படி மடக்கினார் என்ற ஒரே கேள்வியைத்தான். அதே சர்க்கஸ் காட்சிகளில் உண்மையிலேயே உயரம் குன்றிய நடிகர்கள் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றி யாரும் எதுவும் கேட்டதில்லை. அந்த உடல் ஒரு நட்சத்திரத்தின் சாதனையானபோது, அதோடு பிறந்தவர்கள் பின்வரிசையில் நின்றார்கள்.

பாலாவின் 'நான் கடவுள்' (2009) இந்த வரிசையைக் கொஞ்சம் மாற்றியது. மாற்றுத்திறனாளிகள் பலர் அதில் நடித்தார்கள். பிச்சையெடுப்பவர்கள் தங்களுக்குள் பேசிச் சிரிக்கும் இடங்களில் சிரிப்பின் உரிமை அவர்களிடமே இருக்கிறது. எதிர்த்திசையில் நம்மைத்தான் அவர்கள் பார்த்துச் சிரிக்கிறார்கள். நீதிமன்றம் பின்னாளில் வகுத்த இரண்டாம் வகை நகைச்சுவைக்குத் தமிழில் இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை. ஆயினும் பார்வையற்ற அம்சவல்லியாக நடித்தவர் பார்வையுள்ள பூஜா. அவளுக்குக் கதை அளிக்கும் விடுதலை, நாயகன் கையால் மரணம். ஒரு படத்தில் குணமாக வேண்டும், இன்னொன்றில் சாக வேண்டும். இப்படியே இருந்து வாழ்வதற்குத்தான் இடமில்லை.

ராமின் 'பேரன்பு' அந்த இடத்தைத் தேடியது. மூளை முடக்குவாதத்தோடு வளரும் பாப்பா என்ற பெண்ணின் பருவமெய்தலையும் உடல் வேட்கையையும் முகம் திருப்பாமல் பார்த்த படம் அது. அதில் மீரா என்ற திருநங்கையாக நடித்தவர் திருநங்கையான அஞ்சலி அமீர். பாப்பாவாக நடித்த சாதனாவோ மாற்றுத்திறனாளி அல்லர். அவரது உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஒரு பாத்திரத்துக்குத் தோன்றிய நியாயம் அடுத்த பாத்திரத்துக்கு ஏன் தோன்றவில்லை என்பதே என் கேள்வி.

நடிப்பென்பதே பிறராக மாறுவதுதானே என்று மறுப்பார்கள். கதவு இருபுறமும் திறந்திருந்தால் நானும் ஒப்புக்கொள்வேன். சக்கர நாற்காலியில் வரும் நடிகைக்கு வழக்கறிஞர் வேடமோ காதலி வேடமோ கொடுக்க எத்தனை இயக்குநர்கள் முன்வருகிறார்கள்? தொலைக்காட்சித் தொடர்களில் விபத்தும் முடக்கமும் கதைத் திருப்பத்துக்காக வந்து, திருப்பம் முடிந்ததும் மறைகின்றன. பொது வேடங்கள் மறுக்கப்படும் ஒருவரிடமிருந்து அவருக்குரிய வேடத்தையும் எடுத்துக்கொள்வதைக் கலைச் சுதந்திரம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நடிகரைத் தேர்வதோடு இது தீராது. எழுதும் மேசையில் மாற்றுத்திறனாளிகள் இல்லாவிட்டால் வசனம் மீண்டும் பழைய தடத்துக்கே திரும்பும். உச்ச நீதிமன்றம் அவர்களின் பங்கேற்பை வலியுறுத்தியது. அது வழிகாட்டுதலாகவே நிற்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமோ அரசு உயர்கல்வி நிறுவனங்களில் குறைந்தது 5 விழுக்காடு இடத்தைக் கட்டாயமாக்குகிறது. எழுதும் மேசைக்கு வழிவிடும் தரமணி திரைப்பட நிறுவனத்திலும், காட்சித் தொடர்பியல் கற்பிக்கும் அரசுக் கல்லூரிகளிலும் அந்த இடங்கள் நிரம்ப வேண்டும். நுழைவாயிலில் சாய்தளமும், வகுப்பில் சைகைமொழி பெயர்ப்பாளரும் வேண்டும். இதை அரசும் திரைத்துறைச் சங்கங்களும் அடுத்த சேர்க்கைக்கு முன்பே செய்ய வேண்டும்.